பாட்டி கையில் பச்சை, பேத்தி கையில் மயிலாஞ்சி

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்நகர் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய பாட்டிக்கு எண்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. பாட்டியின் முன்னங்கையில் ஒரு தேளும், அதற்கு மேலே புள்ளி வைத்த கோலம் ஒன்றும் பச்சை குத்தியிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துக் கல்லூரியில் படிக்கும் மகள் தானும் டாட்டூ போடவேண்டும் என்கிறாள். "அது நம்ம வழக்கமே இல்லை, மருதாணி போட்டுக்கோ, அதுதான் நம்ம பண்பாடு" என்று வீட்டில் தடுக்கிறார்கள். எது நம்ம வழக்கம், இவை எங்கிருந்து வந்தன, இவற்றுக்கு என்ன பொருள் என்பது கேள்வி.

பாட்டி கையில் எழுபது வருடமாக இருக்கிறது. அப்புறம் அது எப்படி நம்ம வழக்கம் இல்லாமல் போகும்? இரண்டுமே நம்முடையவைதான். ஆனால் இரண்டும் வேறு வேறு தேவைக்காக வந்தவை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் பாட்டி கல்குளம் தாலுகாக்காரி. திருவிதாங்கூரில் சக்கரம், பணம் என்ற நாணயங்கள் புழங்கிய காலத்தில் வளர்ந்தவர். பதினோரு வயதில் பச்சை குத்திக்கொண்டதாகச் சொல்வார். "பச்சை குத்தலியோ பச்சை" என்று கூவிக்கொண்டு குறத்தி வருவாளாம். தெருப் பிள்ளைகளெல்லாம் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிவிடுவார்கள். மூன்று நான்கு ஊசிகளை நூலால் இறுகக் கட்டி, முனையை மையில் தொட்டு, முதலில் ஈர்க்கால் வரைந்த கோட்டின்மேல் சடசடவென்று குத்திக்கொண்டே போவாள். பிள்ளை கையை இழுத்துவிடாமலிருக்க வாய் ஓயாமல் பாடிக்கொண்டே இருப்பாள். குத்தி முடித்ததும் மஞ்சளைப் பூசிவிடுவாள். இரண்டு நாள் வீங்கிக் காய்ச்சலும் வந்ததாம். கூலி இரண்டு சக்கரம், கூடவே ஒரு நாழி அரிசி. அப்போது 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு ரூபாய்.

அந்த மை எப்படித் தயாரானது என்பது 1906இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. அகத்திக்கீரையையும் மஞ்சள்பொடியையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவி, அதைத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அதில் கரி படியும். அந்தக் கரியை வழித்தெடுத்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. அகத்தி, மஞ்சள், விளக்கெண்ணெய் என்று எல்லாம் வீட்டுக் கொல்லையிலும் அடுக்களையிலும் உள்ள சாமான்கள்தான். கண்மை செய்கிற பக்குவமும் ஏறக்குறைய இதுவேதான்.

கரி கறுப்பாயிற்றே, பிறகு ஏன் பச்சை என்கிறோம்? மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகிவிடும். குத்துகிற மை அதற்குக் கீழே உள்ள உள்தோலில் போய் அமர்கிறது. அங்கே இருக்கும் விழுங்கு செல்கள் அந்தக் கரித்துகளை அந்நியப் பொருள் என்று விழுங்கிவிடும், ஆனால் அவற்றால் செரிக்க முடியாது. அந்தச் செல் இறந்தால் அடுத்த செல் அதே துகளை எடுத்து விழுங்கும். அதனால்தான் கோடு இடம் மாறாமல் எழுபது வருடம் நிற்கிறது. தோலின் வழியாகப் பார்க்கும்போது கறுப்பு நீலமும் பச்சையும் கலந்ததுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. நரம்பு பச்சையாகத் தெரிகிறதல்லவா, கிட்டத்தட்ட அதே கதைதான். மலையாளத்திலும் இதற்குப் பச்ச குத்துதல் என்றுதான் பெயர்.

இடையில் ஒன்று. பச்சை குத்திய குறத்திகளை நம்மில் பலர் நரிக்குறவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நரிக்குறவர்கள் வாக்ரிபோலி என்ற வேறு மொழி பேசும், பாசிமணி கோத்து விற்கும் தனிச் சமூகம். பச்சை குத்துவதும் குறி சொல்வதும் கூடை முடைவதும் குறவர் சமூகத்துப் பெண்களின் தொழிலாக இருந்தது. ஊர் ஊராக நடந்து நம் பாட்டிமாரின் கையில் எழுதிவிட்டுப் போன அந்தக் கலைஞர்கள் ஒருவருடைய பெயரும் நம்மிடம் இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, ஏன் குத்திக்கொண்டார்கள்? தேளைப் பச்சை குத்திக்கொண்டால் தேள் கொட்டாது என்று நம்பினார்கள். கண்ணேறுக்கு ஒரு புள்ளி போதும் என்றார்கள். கோலம் அழகுக்கு. கைவலி போகும் என்று மூட்டுக்கு மேலே குத்திக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் என் பாட்டி சொன்ன காரணம்தான் எனக்கு மனதில் தங்கிவிட்டது. ஒரு நாள் அவர் கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே, "இவ்வளவு வலிச்சு எதுக்குப் பாட்டி குத்தினிய?" என்று கேட்டேன். எண்ணெய் பட்டதும் மங்கிப் போன தேள் பளிச்சென்று எழும்பி வந்தது. அதைப் பெருவிரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "மக்ளே, பொன்னு போட்டா கடன்காரன் கழத்துவான். செத்தா பிள்ளையளு கழத்தும். இத ஆரு கழத்துவா?"

இந்தப் பேச்சு இந்தியா முழுக்க வெவ்வேறு மொழிகளில் கேட்கிறதுதான். ஆனால் நம் மாவட்டத்தில் அதற்குக் கூடுதல் கனம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவர்கள். அந்த ராஜ்ஜியத்தில் யார் உடம்பில் என்ன இருக்கலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் தங்க நகை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது. மார்பை மறைக்கும் உரிமை கேட்ட தோள்சீலைப் போராட்டம் 1820களில் தொடங்கி, 1859 ஜூலை 26இல் அரசு ஆணை வரும்வரை நடந்தது. அந்த ஆணையும்கூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தாமல் வேறு விதத்தில் மறைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னது. இதே ராஜ்ஜியத்தின் கொல்லம் பக்கம் புலையர் பெண்கள் கல்லுமாலையைத் தவிர வேறு நகை போட முடியாதிருந்தது. 1915இல் புலையர் தலைவர் அய்யன்காளியின் அழைப்பை ஏற்று அவர்கள் அந்தக் கல்லுமாலைகளை அறுத்து எறிந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஏழைப் பெண்ணின் கையில் குத்திய கோலத்தை வெறும் அலங்காரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காப்பு போட முடியாத மணிக்கட்டில் காப்பு மாதிரியே ஒரு வளையக் கோடு, கழுத்தாரம் இல்லாதவளுக்குக் கோலத்தில் ஒரு ஆரம். நகை வைத்திருந்த வீட்டுப் பெண்களும் பச்சை குத்திக்கொண்டார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் நகைக்கு வழியில்லாதவர்களுக்கு அது நகையாகவே இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் கொஞ்சம் காசு வந்து, பிள்ளைகள் படித்து, உத்தியோகத்துக்குப் போனதும் முதலில் மறைத்த அடையாளமும் இதுவாகவே ஆயிற்று. கல்யாண வீட்டில் என் சித்தி முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். "நம்ம வழக்கம் இல்லை" என்று உங்கள் வீட்டில் சொல்வதும் அந்த வெட்கத்தின் மிச்சம்தான். பாட்டியைக் குறைத்துச் சொல்லவேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கடற்கரைக்குப் போனால் பச்சையின் பொருளே மாறிவிடும். 1544இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து ஞானஸ்நானம் கொடுத்த காலத்திலிருந்து நம் முக்குவ மீனவர் ஊர்கள் கத்தோலிக்க ஊர்கள். அங்கே வயதானவர்கள் கையில் சிலுவையைப் பார்க்கலாம், மாதாவின் பெயரைப் பார்க்கலாம், சொந்தப் பெயரின் முதல் எழுத்தைப் பார்க்கலாம். குளச்சல் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையைத் திருப்பிக் காட்டினார். சிலுவைக்குக் கீழே அவர் பெயரும் அப்பா பெயரும் கோணல்மாணலாக இருந்தன. "கடல்ல போறவனுக்குக் கையில எழுத்து வேணும் மக்கா. மொகத்த மீனு தின்னாலும் கையி சொல்லும்" என்றார். அடுத்த கண்ணியைக் கோக்க ஊசியை எடுத்துக்கொண்டார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு, உருத்தெரியாமல் கரை சேர்ந்த உடல்களுக்கு டிஎன்ஏ சோதனை நடத்தித்தான் பெயர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் அந்தப் பெரியவருடைய கைதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

பைபிளில் லேவியராகமம் 19:28, உடம்பில் எழுத்துகளைக் குத்திக்கொள்ள வேண்டாம் என்கிறது. அதைச் சொல்லிப் பச்சையைக் கண்டிக்கும் போதகர்களை நம் பக்கத்தில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதே வேதத்தைப் படிக்கும் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் மணிக்கட்டில் சிலுவை குத்திக்கொள்வதைத் தங்கள் விசுவாசத்தின் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். நம் கடற்கரைப் பெரியவர்களையும் அந்தப் பக்கத்தில்தான் நான் சேர்ப்பேன்.

குறத்தி வருவது நின்ற பிறகு பச்சை திருவிழாக் கடைகளுக்குப் போயிற்று. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர் என்று கூட்டம் கூடுகிற இடத்தில் ஒருவர் பேட்டரியும் மெஷினும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பின்னால் ஒரு அட்டையில் இதயம், அம்பு, ஓம், சிலுவை, பிறை, நடிகர் பெயர் எல்லாம் வரைந்து தொங்கும். அந்த மெஷினின் மூலம் அமெரிக்கா. எடிசன் காகிதத்தில் துளையிட்டுப் படியெடுக்க ஒரு மின்பேனா செய்து 1876இல் காப்புரிமை வாங்கினார். அதன் வழியில் சாமுவேல் ஓரெய்லி என்பவர் 1891இல் பச்சை குத்தும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆண்கள் கையில் காதலி பெயரும் கட்சிச் சின்னமும் ஏறியது இந்த மெஷின் காலத்தில்தான். எம்ஜிஆர் 1970களில் தன் கட்சிக்காரர்களைக் கட்சி அடையாளத்தைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னது அன்று பெரிய விவாதமானது.

உடம்பில் எழுதுவது அதற்கெல்லாம் மிக முந்தியது. சங்கப் பாடல்களில் தொய்யில் என்று வருகிறதே, அது சந்தனக் குழம்பாலும் குங்குமக் குழம்பாலும் பெண்ணின் தோளிலும் மார்பிலும் கொடிபோல எழுதுவது. பல இடங்களில் காதலனே எழுதிவிடுகிறான். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியின் தோளில் கரும்பும் கொடியும் எழுதுகிறான். சிலர் இதைப் பச்சை குத்துவதற்குச் சான்று என்று காட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தொய்யில் குளித்தால் போய்விடும் எழுத்து. அதன் இன்பமே மறுபடி எழுதலாம் என்பதில் இருக்கிறது. அந்த வகையில் தொய்யிலுக்குச் சொந்தம் மருதாணிதான், பச்சை அல்ல. நிரந்தரமாகக் குத்தியதற்கு உலகத்தில் கிடைத்த பழைய சான்றுகளில் ஒன்று, 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுத்த ஓட்சி என்ற மனிதன். ஏறத்தாழ 5,300 வருடத்துக்கு முந்தியவன், உடம்பில் 61 பச்சைக் குறிகள். பல குறிகள் மூட்டு தேய்ந்த இடங்களில் இருப்பதால் வலிக்கு வைத்தியமாகக் குத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கைவலிக்குக் குத்திக்கொண்ட நம் கிழவிகளை அவனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். டாட்டூ என்ற சொல் பசிபிக் தீவுகளின் 'டடாவ்' என்ற சொல்லிலிருந்து, கேப்டன் குக்கின் 1769ஆம் வருடப் பயணத்தின் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

இனி மருதாணி. பழைய பெயர் மருதோன்றி, அகராதிகளில் ஐவணம், அழவணம் என்றும் உண்டு. மலையாளத்தில் மைலாஞ்சி, நம் மேற்குப் பக்கத்திலும் முஸ்லிம் வீடுகளிலும் மயிலாஞ்சி. அரபியில் ஹின்னா. எகிப்திய மம்மிகளின் முடியிலும் இதன் சாயம் கண்டிருக்கிறார்கள்.

நாஞ்சில் நாட்டில் மருதாணி முதலில் வேலி, பிறகு மருந்து, அதற்கும் பிறகுதான் அழகு என்று சொல்லலாம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு போகம் விளைந்த வயல் நம்முடையது. நடவுக்கும் களையெடுப்புக்கும் இறங்கிய பெண்களின் கால் நாளெல்லாம் சேற்றில் ஊறும். விரலிடுக்கில் சேற்றுப்புண், நகக்கண்ணில் நகச்சுத்து. இரவில் மருதாணியை அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொண்டு படுப்பார்கள். மருதாணி இலைக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் இருப்பதை ஆய்வகங்களும் உறுதி செய்திருக்கின்றன. நகத்துக்குத் தொப்பி வைப்பதும் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுப்பதும் இன்று நமக்கு அலங்காரமாகத் தெரிகிறது. சேற்றில் நின்ற கால்களைப் பார்த்தவர்களுக்கு, புண் வரும் இடத்திலெல்லாம் மருதாணி இருப்பது புரியும். ஆடி மாத மழையில் மருதாணி இடவேண்டும் என்ற வழக்கத்தையும் நான் இப்படியே பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் மருதாணி அரைத்தால் அன்று அம்மியில் தேங்காய் அரைக்க முடியாது. இலையைக் காம்பு ஆய்ந்து, கொட்டைப்பாக்கு ஒன்றைத் தட்டிப் போட்டு, கொஞ்சம் புளியும் தேயிலைத் தண்ணியும் விட்டு வெண்ணெய் மாதிரி அரைப்பார்கள். உள்ளங்கை நடுவில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் ஐந்தாறு புள்ளி, விரல் நுனிகளில் தொப்பி, அவ்வளவுதான் டிசைன். அரைத்தவர் கைதான் எல்லோருடையதையும் விட நன்றாகச் சிவக்கும், இடவே வேண்டாம். காலையில் காய்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, யாருக்கு நன்றாகச் சிவந்திருக்கிறது என்று போட்டி. இலையில் உள்ள லாசோன் என்ற சாயம் தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டினோடு ஒட்டிக்கொள்கிறது. புளியின் புளிப்பு அந்தச் சாயத்தை இலையிலிருந்து பிரித்தெடுக்க உதவும். எடுத்தவுடன் ஆரஞ்சாக இருந்து ஒன்றிரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும். உள்ளங்கையில் மேலடுக்கு தடிப்பாக இருப்பதால் அங்கே அதிகம் சிவக்கும். நன்றாகச் சிவந்தால் புருஷன் பாசமாக இருப்பான் என்பதற்கு இதில் சம்பந்தம் கிடையாது, ஆனால் அந்தக் கேலி இல்லாமல் மருதாணி இட்டதாகவும் நினைவில்லை.

தக்கலை, திருவிதாங்கோடு, தேங்காப்பட்டணம் பக்கம் முஸ்லிம் கல்யாணங்களில் முதல் நாள் மயிலாஞ்சி இடுவது தனிச் சடங்கு. பெண்கள் கூடிப் பாட, மணப்பெண்ணின் கையிலும் காலிலும் இடுவார்கள். நிரந்தரமாகப் பச்சை குத்துவதை நபிமொழி தடுக்கிறது, மருதாணியை அது விரும்பத்தக்கதாகச் சொல்கிறது. அதனால் அழகு, ஆசி எல்லாவற்றையும் அந்த வீடுகள் மயிலாஞ்சியிலேயே வைத்துக்கொண்டன. ராஜஸ்தானின் சோஜத் பகுதிப் பொடியும் கோனும் இங்கே வந்த பிறகுதான் கொடியும் மயிலும் நுணுக்கமாக முழங்கை வரை ஏறின. இன்று எல்லா மதத்துக் கல்யாணத்திலும் அதுதான். அதை யாரும் வெளியூர் வழக்கம் என்று தடுப்பதில்லை. பாட்டியின் கோலத்தை மட்டும் ஏன் தடுக்கவேண்டும்?

மகளுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. கோனில் வரும் மருதாணி ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடித்தால் அது மருதாணி அல்ல. முடிச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும். அது தோலைக் கொப்பளிக்க வைக்கும், சிலருக்குத் தழும்பாகவே நின்றுவிடும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள கைக்குழந்தைக்கு நல்ல மருதாணிகூட ஆகாது, ரத்த அணுக்களைச் சிதைக்கும். டாட்டூ என்றால் உறையைக் கண்முன்னே பிரித்த புது ஊசி, புதிதாக ஊற்றிய மை, கையுறை இவை இல்லாத இடத்தில் கையை நீட்டக்கூடாது. ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றும் ஊசி வழியே வரும். போட்ட பிறகு 12 மாதம் ரத்ததானம் செய்ய முடியாது. ராணுவத்தில் சேரும் எண்ணம் இருந்தால், முன்னங்கையின் உட்புறத்தையும் புறங்கையையும் தவிர வேறு இடத்தில் டாட்டூ இருந்தால் பொதுவாக எடுக்கமாட்டார்கள். லேசரால் அழிக்கலாம்தான், ஆனால் பல தடவை போகவேண்டும், செலவும் வலியும் போட்டதைவிட அதிகம்.

மகள் போடட்டும், அல்லது வேண்டாம் என்று முடிவெடுக்கட்டும். அதற்கு முன்னால் அவளைப் பாட்டியிடம் உட்காரச் சொல்லுங்கள். கைக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, சுருங்கிய தோலை மெதுவாக இழுத்துப் பிடித்தால் கோடுகள் தெளியும். ஜன்னலோரம் காலை வெளிச்சத்தில் நேராக மேலிருந்து படம் எடுக்கவேண்டும். பிறகு ஒரு கட்டம் போட்ட தாளில் புள்ளிகளை எண்ணி வரைந்துகொள்ளட்டும். எந்த வயதில், எந்த வீட்டுத் திண்ணையில், என்ன கூலிக்கு என்று கேட்டு அதன் கீழேயே எழுதி வைக்கட்டும். என் பாட்டி கையை ஆயிரம் தடவை தேய்த்துவிட்டிருக்கிறேன், ஒரு தடவையும் வரைந்து வைக்கவில்லை. தேளுக்குக் கொடுக்கு இடப்பக்கம் வளைந்ததா வலப்பக்கம் வளைந்ததா என்று அக்காவும் நானும் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம்.